அடுத்த வீட்டுப் பூனை

விடியற்காலை நான்கு மணிக்கு மாரிக்குப்பம் ரயில் நிலையத்தை நோக்கி ஆட்கள் நடக்கத் தொடங்குவார்கள். கோலார் தங்கவயலில் 'லைன்' என்று மக்கள் வழங்கும் நீண்ட வீட்டு வரிசைகளில் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடும் ஓசை கேட்கும். ஒரு கையில் சோற்றுப் பாத்திரம், தோளில் ஒரு பை, சட்டைப் பையில் மாதச் சீட்டு. இவற்றோடு அவர்கள் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குப் புறப்படுவார்கள். இரவு திரும்பும்போது அந்தக் கதவுகள் மறுபடியும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். இடைப்பட்ட பகல் முழுவதும் பல வீடுகள் பூட்டியே கிடக்கும்.

முன்பெல்லாம் ஆட்கள் வேறு திசையில் நடந்தார்கள். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியபின், வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் குடும்பங்கள் வந்து குடியேறின. 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து இவ்வூருக்கு மின்சாரம் வந்தது. பெரிய நகரங்கள் பல இருட்டில் இருந்த காலம் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்கியது. சங்கு ஊதினால் ஒரு கூட்டம் கூண்டில் ஏறி உள்ளே இறங்கும். மறு கூட்டம் வியர்வையும் புழுதியுமாக மேலே வரும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கும் நின்றது. பாறையை அரைத்துச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் மட்டும் குன்றுகளாக எஞ்சி நிற்கிறது. கோடைக்காற்று வீசும் நாள்களில் அந்த 'சயனைட் மேடு'களின் மாவு போன்ற தூசி, பூட்டிய வீடுகளின் வாசற்படிகளிலும் படியும்.

அத்தகைய வரிசை ஒன்றில் வாழ்ந்தார் அந்த மூதாட்டி. வரிசையிலுள்ள எல்லாருக்கும் அவர் 'ஆயா'. அடுத்த வீட்டு இளைஞனுக்கு மட்டும் 'பெரியம்மா'. அவனுடைய தாய் அவரை 'அக்கா' என்று அழைத்ததால் வந்த முறை அது. ஆயாவின் கணவர் சாம்பியன் ரீஃபில் பாறைக்குத் துளையிடும் வேலை பார்த்தவர். பாறைத் தூசி நுரையீரலில் தங்கியவர்களுக்கு வரும் இருமல் அவருக்கும் வந்தது. அவர் காலமான பிறகும், சங்கு நின்ற பிறகும், முதல் ஷிப்டுக்குச் சோறு கட்டிய வழக்கத்தில் ஆயாவுக்கு நான்கு மணிக்கு முன்பே விழிப்பு வந்துவிடும். வீட்டில் அவரோடு இருந்தவள் எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி ஒருத்திதான்.

இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அங்கே ஒருவர் தும்மினால் இங்கே கேட்கும். இளைஞனின் தாய் உயிரோடு இருந்தவரை அந்தச் சுவரின் வழியாக நாள்தோறும் ஒரு பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது. "பொன்னி! ஏ பொன்னி!" பொன்னி என்பது அந்த அம்மாள் வளர்த்த பூனை. வெள்ளையும் கருப்பும் செம்மஞ்சளும் கலந்த மூவண்ணப் பூனை. இப்படி மூன்று நிறம் கொண்ட பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகத்தான் இருக்கும். செம்மஞ்சளையும் கருப்பையும் முடிவு செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் அமைந்திருப்பதால், இரண்டு எக்ஸ் உள்ள பெண் பூனைக்கே இரு நிறமும் ஒருங்கே வாய்க்கிறது. அந்த அம்மாளுக்கு இந்த அறிவியல் தெரியாது. ஆனால் குட்டியைக் கையில் எடுத்த அன்றே, "இது பொண்ணுதான்" என்று சொல்லிப் பெயர் வைத்துவிட்டார்.

ஆடி மாதத்தில் அந்த அம்மாள் நோயுற்று மறைந்தார். அதன்பின் சுவருக்கு அப்பாலிருந்து அந்தப் பெயர் கேட்கவில்லை.

மகன் கெட்டவன் அல்லன். பெங்களூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் காவல் வேலை. நான்கு மணி சுமாருக்குப் புறப்பட்டால் இரவு வெகுநேரம் கழித்தே திரும்புவான். ஞாயிற்றுக்கிழமை உறங்குவான், துணி துவைப்பான், மறுபடியும் உறங்குவான். அந்த வாழ்க்கையில் ஒரு பூனைக்கு எந்த மணி நேரத்தை ஒதுக்குவது?

மூன்று மாதங்களில் பொன்னியின் உருவம் மாறிப்போயிற்று. முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. தன்னைத்தானே நக்கித் தூய்மை செய்துகொள்வது பூனையின் இயல்பு. அது நக்குவதை நிறுத்திவிட்டால் உடல் நலம் குன்றிவிட்டது என்று பொருள். பொன்னியின் உரோமம் புழுதி படிந்து திரித்திரியாகக் கிடந்தது. காதுகளுக்குள் கரிய அழுக்கு அடைந்திருந்தது. பகலெல்லாம் பூட்டிய கதவின் முன் அமர்ந்திருக்கும். நாய்கள் வந்தால் கூரையேறும்; நாய்கள் போனால் இறங்கி வந்து மறுபடியும் அதே கதவின் முன் அமரும்.

பேத்திதான் முதலில் பொறுக்கமாட்டாமல் எழுந்தாள். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு கிண்ணம் நிறையப் பாலை ஊற்றிப் பூனையின் முன் வைத்தாள். பூனை கிண்ணத்தின் அடிவரை நக்கியது. அவளுக்குப் பெருமகிழ்ச்சி. மறுநாள் காலையில் வாசலெங்கும் கழிச்சல். பூனை எழவும் இயலாமல் சுவரோரம் சுருண்டு கிடந்தது.

பூனைக்கும் பாலுக்கும் உள்ள உறவைத் தமிழர் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறார்கள். பாற்கடலை நக்கிக் குடிக்க முயன்ற பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டு அவையடக்கம் பாடினார் கம்பர். உவமை சிறப்பானதுதான், ஆயினும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் இல்லை. பட்டினி கிடந்த வயிற்றில் ஒரே வேளையில் நிறைய உணவு விழுவது அதைவிடத் தீங்கு. ஆயா பேத்தியைக் கடிந்துகொள்ளவில்லை. நல்ல தண்ணீரை ஒரு சிரட்டையில் வைத்தார். சந்தையில் மீன் வாங்கும்போது கழித்துப் போடும் தலைகளைக் கேட்டு வாங்கி வந்து, உப்பும் மிளகாயும் இல்லாமல் வேகவைத்து, முள்ளை நீக்கி, ஒரு பிடி சோற்றோடு பிசைந்தார். ஒரு நெல்லிக்காய் அளவுதான் முதலில் வைத்தார். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே அளவு.

"இவ்வளவு பசியோடு இருக்கிறதே ஆயா, இன்னும் கொஞ்சம் வைத்தால் என்ன?" என்றாள் பேத்தி.

"பஞ்சத்தில் அடிபட்டவனுக்கு முதலில் கஞ்சிதான் ஊற்றுவார்கள். விருந்து வைக்கமாட்டார்கள்" என்றார் ஆயா.

பூனை தேறத் தொடங்கிற்று. பேத்தியின் சினமோ வளரத் தொடங்கிற்று. "அந்த அண்ணன் ஒரு வாய் சோறுகூடப் போடுவதில்லை. இந்தப் பூனையை நாமே எடுத்துக்கொள்வோம். கேட்டால் கேட்கட்டும்" என்றாள். அவள் வெறுங்கையோடு பேசவில்லை. பாடநூலின் தொடக்கப் பக்கங்களில் அச்சிட்டிருந்த அடிப்படைக் கடமைகளை விரித்துக் காட்டினாள். உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவு கூறுகிறது. 1976இல் செய்த திருத்தத்தின் வழியாக அதில் சேர்ந்த கடமைகளுள் அதுவும் ஒன்று.

சில நாள்களில் அவள் சட்டத்தையும் தேடிப் படித்துவிட்டாள். விலங்குகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்கும் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அதற்கு வித்திட்டவர் கலாக்ஷேத்திராவை நிறுவிய நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த அவர், 1953இல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே அப்படிப்பட்ட சட்டத்தைக் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதால் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1962இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் அலுவலகம் பல்லாண்டுகள் சென்னையில் இயங்கியது. அடிப்பதும் உதைப்பதும் மட்டுமே கொடுமை என்று அந்தச் சட்டம் கருதவில்லை. வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் விடுவதும், பசியாலும் தாகத்தாலும் துன்புறும் வகையில் கைவிடுவதும் அதன் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை குற்றத்துக்குத் தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை.

பேத்தி இதையெல்லாம் படித்துக் காட்டியபோது ஆயா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார்.

"நல்ல சட்டம்தான். அந்த அம்மாளுக்குப் பெரிய மனசு. ஆனால் ஒன்று சொல். ஐம்பது ரூபாய் தண்டம் கட்டிவிட்டால், நாளையிலிருந்து அந்தப் பிள்ளை ஆறு மணிக்கே வீடு திரும்பிவிடுவானா?"

பேத்தியால் விடை கூற முடியவில்லை. ஆனால் சினமும் தணியவில்லை.

அது தணிந்தது வேறொரு காலையில். தேர்வுக்குப் படிப்பதற்காக அவள் நான்கு மணிக்கு எழுந்து பின்வாசலில் விளக்கடியில் அமர்ந்திருந்தாள். அடுத்த வீட்டுப் பின்கதவு திறந்தது. இளைஞன் சீருடையோடு வெளியே வந்தான். அவன் கையில் ஒரு பித்தளைத் தட்டு; அவனுடைய தாய் பூனைக்கென்று வைத்திருந்த அதே தட்டு. அதில் முந்தின இரவுச் சோறும் அதன்மேல் சிறிது குழம்பும் இருந்தன. தட்டைச் சுவரோரம் வைத்தான். இருட்டைப் பார்த்து இரண்டு முறை, "பொன்னி, பொன்னி" என்று மெல்லக் கூப்பிட்டான். பூனை வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கதவைப் பூட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டான்.

அவன் தெரு முனையைக் கடக்குமுன் இரண்டு நாய்கள் வந்தன. தட்டு காலியாயிற்று. விடிந்தபின் காக்கைகள் வந்து ஒட்டியிருந்த பருக்கைகளையும் கொத்தின. கூரைமேல் இருந்த பொன்னி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பேத்தி மறுநாளும் எழுந்து பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். மூன்று நாளும் அதேபோல் நடந்தது. இரவு திரும்பும் இளைஞன் காலித் தட்டைக் காண்கிறான்; பூனை உண்டுவிட்டது என்று நினைத்து மனநிறைவோடு அதைக் கழுவி வைக்கிறான். மூன்று மாதங்களாக அவன் தாயின் பூனைக்கு ஒருநாள் தவறாமல் சோறு வைத்திருக்கிறான். பூனையோ மூன்று மாதங்களாகப் பட்டினி கிடந்திருக்கிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக்கூடும் என்று அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அந்தச் சோறும் பூனைக்கு ஏற்றதன்று. பூனை முற்றிலும் ஊன் உண்ணும் விலங்கு. அதற்கு இன்றியமையாத டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. வெறும் சோற்றில் வளரும் பூனையின் கண்ணும் இதயமும் காலப்போக்கில் கெடும். குழம்பில் உள்ள வெங்காயம் பூனையின் இரத்தத்தையே கெடுக்கும் நஞ்சு. அவனுக்கு இதை யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? தாய்க்குத் தெரிந்ததெல்லாம் தாயோடு போய்விட்டது.

"ஆயா, அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா?" என்று பேத்தி கேட்டாள்.

ஆயா உடனே விடை சொல்லவில்லை. சொல்லுவதில் என்ன இருக்கிறது? 'நீ வைத்த சோற்றை நாய் தின்றது. உன் தாய் வளர்த்த உயிர் உன் வாசலில் வற்றிக் கிடந்தது' என்று சொன்னால் அவனால் என்ன செய்ய முடியும்? வேலையை விட முடியாது. குற்ற உணர்வை மட்டும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போவான். சொல்லாமல் பூனையை எடுத்துக்கொள்வதும் எளிதுதான். பூனைக்கு வேலியில்லை, சோறு வைத்த வீட்டில் தங்கிவிடும். ஆனால் ஒருநாள் அவன் தன் தாயின் பூனையைச் சுவருக்கு அப்பால் அடுத்தவர் மடியில் காண்பான். காணும்போது, தன்னால் இயலாமல் போனதை ஊரே அறிந்திருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியவரும். ஒற்றைச் சுவர் வாழ்க்கையில் மானம் காப்பது சோறு போடுவதைவிடக் கடினமான வேலை.

ஞாயிற்றுக்கிழமை மாலை, இளைஞன் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஆயா அவன் வாசலுக்குச் சென்றார்.

"தம்பி, உன்னிடம் ஓர் உதவி கேட்க வந்தேன்."

"சொல்லுங்கள் பெரியம்மா."

"வீட்டில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. அரிசி மூட்டையைக் கடித்துவிட்டது. பிள்ளையின் புத்தகத்தையும் விட்டுவைக்கவில்லை. உன் பொன்னியைக் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுக்கு அனுப்புவாயா?"

ஆயாவின் வீட்டில் எலி இல்லை. வாசலில் நின்ற பேத்தி வியப்போடு அவரைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

எலியின் பெயரால் பூனையைக் கேட்பது அத்துணைப் புதிய வழியும் அன்று. மனிதனும் பூனையும் கூடி வாழத் தொடங்கியதே எலியால்தான். மேற்காசியாவில் மனிதர் தானியம் சேமிக்கத் தொடங்கியபோது எலி வந்தது; எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது; யாரும் பிடித்துக் கட்டாமலே தங்கிவிட்டது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகிலேயே ஒரு பூனையையும் புதைத்திருப்பதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டைக் கொள்ளைநோய் வாட்டியபோது, பூனைகள் மிகுந்த ஊர்களில் அந்நோய் குறைவாக இருப்பதாக நாகபுரிப் பகுதியில் பணியாற்றிய புக்கனன் என்ற மருத்துவர் எழுதினார். பூனை வளர்க்குமாறு மக்களை வற்புறுத்தினார்.

இளைஞன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிழிந்த துணியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா வளர்த்தது, பெரியம்மா."

"யார் இல்லையென்றார்கள்? இப்போதும் அது உன் பூனைதான். வேலைக்கு மட்டும் அனுப்பு என்கிறேன்."

"நான்தான் பெங்களூருக்குப் போகிறேன். அதற்கும் வேலையா?"

"உனக்காவது ரயில் ஏற வேண்டும். அதற்குச் சுவர் ஏறினால் போதும்."

அவன் சிரித்தான். தாய் மறைந்தபின் அந்த வாசலில் அவன் சிரித்ததைக் கண்டவர் இல்லை. உள்ளே சென்று பித்தளைத் தட்டை எடுத்துவந்து ஆயாவின் கையில் கொடுத்தான். "இதில் வைத்தால்தான் உண்ணும்" என்றான். அவன் அந்தத் தட்டைக் கொடுக்கும்போது ஆயாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கு உண்மை முழுவதும் தெரிந்திருந்ததோ, பாதி தெரிந்திருந்ததோ; ஆயா கேட்கவில்லை.

பூனையை ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் பழக்குவது நினைப்பதைவிடக் கடினம். புதிய இடத்தில் சில நாள்கள் ஒரே அறைக்குள் வைத்திருக்க வேண்டும். அங்குள்ள பொருள்களில் தன் கன்னத்தைத் தேய்த்துத் தன் மணத்தை ஏற்றியபின்னரே அதற்கு அந்த இடம் சொந்தமாகும். தங்கவயலின் லைன் வீட்டில் அறையை ஒதுக்குவது எங்ஙனம்? ஆயா அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பழைய பெட்டியை வைத்தார். அதில் தம் கணவரின் சுரங்கச் சட்டை ஒன்றை மடித்துப் போட்டார். தடித்த துணி, எத்தனை முறை துவைத்தும் அதன் செம்மண் கறை போகவில்லை. பொன்னி அதை நெடுநேரம் முகர்ந்தது. பிறகு முன்னங்கால்களால் மிதித்து மிதித்துப் பதமாக்கிக்கொண்டு படுத்தது.

அரசு கால்நடை மருத்துவமனைக்குப் பூனையைக் கொண்டுபோக ஒரு மூடியுள்ள கூடை போதுமானதாயிருந்தது. காதில் இருந்தது அழுக்கன்று, கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளின் கழிவு என்று மருத்துவர் கூறிச் சொட்டு மருந்து தந்தார். குடற்புழுவுக்கு மருந்து, வெறிநோய்க்குத் தடுப்பூசி. உடல் தேறியதும் கருத்தடை செய்துவிட வேண்டும் என்றார். பெண் பூனை இரண்டு மாதத்துக்குச் சற்றே கூடுதலாகக் கருச்சுமந்து ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகளை ஈனும். ஆண்டுக்குப் பலமுறை ஈனவும் கூடும். இரண்டு வேளை மீன் தேடுவதே பாடாக இருக்கும் வீட்டில் அத்தனைக் குட்டிகளுக்கும் எங்கே போவது?

ஆயா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "உடையவனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று திரும்பிவந்தார். அன்றிரவு சுவருக்கு அப்பால் கதவு திறக்கும் ஓசை கேட்கும்வரை விழித்திருந்து, இளைஞனிடம் செய்தியைச் சொன்னார். அவன் அந்த மாதத்தில் முதன்முறையாக ஒருநாள் விடுப்பு எடுத்தான். கூடையைத் தானே சுமந்து வந்தான். மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில், தன் தாயின் கடைசி நாள்களைப் பற்றி அவன் ஆயாவிடம் பேசினான். முன்பு எவரிடமும் அவன் அதைப் பேசியதில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் பொன்னி ஒரு வழக்கத்தை விடவில்லை. இரவில் ரயில் வரும் நேரம் நெருங்கினால் எழுந்துவிடும். மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். பூனையின் செவிக்கு 60,000க்கு மேலும் கேட்கும். ஆதலால் மற்றவர் அறியாத எதையோ கேட்டுத்தான் அது எழுந்ததா, பழக்கத்தால் எழுந்ததா என்று சொல்வதற்கில்லை. மெல்லச் சுவரேறி அப்பால் இறங்கும். பூட்டிய கதவின் முன் முன்போலவே அமரும். முதல் சில நாள்கள் பேத்திக்கு இது வருத்தம் தந்தது. "இவ்வளவு செய்தும் இது இங்கே தங்கமாட்டேன் என்கிறதே ஆயா!" என்று குறைப்பட்டுக்கொண்டாள். பூனைக்கு நன்றியில்லை, அது வீட்டைத்தான் அறியும், ஆளை அறியாது என்றும் சொல்லக் கேள்விப்பட்டிருந்தாள். அந்தப் பேச்சு பூனையை அருகிருந்து பாராதவர் பேச்சு. அது காத்திருந்த கதவு ஒரே கதவுதான். ஆனால் திறக்க வருபவர் மாறியிருந்தார்.

இளைஞன் வந்து கதவைத் திறப்பான். விளக்கைப் போடுமுன் இருட்டில் இரண்டு பச்சை ஒளிகள் தெரியும். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு; உள்ளே புகுந்த சிறு ஒளியையும் அது திருப்பியனுப்பி மறுமுறை பயன்படுத்துகிறது. தலைவிளக்கோடு சுரங்கத்திலிருந்து ஏறிவந்த ஆட்களைக் கண்டு பழகிய ஊரில் அந்த ஒளி யாரையும் அச்சுறுத்துவதில்லை. அவன் குனிந்து அதன் தாடையைத் தடவுவான். பூனை அவன் காலைச் சுற்றி ஒருமுறை உராய்ந்துவிட்டு, அவன் உறங்கியதும் சுவரேறி ஆயாவின் வீட்டுப் பெட்டிக்குத் திரும்பிவிடும்.

மாதச் சம்பள நாளில் இளைஞன் ஒரு பொட்டலத்தோடு வந்தான். பெங்களூர்ச் சந்தையில் வாங்கிய நெத்திலிக் கருவாடு. "பொன்னியின் சம்பளம், பெரியம்மா. நீங்கள் சோறு போடுகிறீர்கள். சம்பளம் நான்தானே தர வேண்டும்?" என்றான். கருவாட்டு உப்பு பூனைக்கு ஆகாது என்று ஆயாவுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எடுத்துப் பலமுறை நீரில் ஊறவைத்து, உப்பைப் போக்கி, வேகவைத்துப் பித்தளைத் தட்டில் வைத்தார். அடுத்த மாதமும் பொட்டலம் வந்தது. அதற்கடுத்த மாதம் பேத்தி பக்குவமாக, "அண்ணா, மருத்துவர் உப்பில்லாத மீன்தான் நல்லது என்றார்" என்று சொன்னபின், கருவாட்டுக்குப் பதிலாக ஞாயிறு தோறும் இராபர்ட்சன்பேட்டைச் சந்தையிலிருந்து மத்தி மீன் வரத் தொடங்கிற்று. அதில் பாதி பூனைக்கு. மீதி மூவருக்கும் குழம்பு.

பொன்னியின் உரோமம் பழைய பளபளப்பை அடைந்தது. பகலில் அது நடுச்சுவரின் மேல் படுத்திருக்கும். தலை ஒரு வீட்டின் பக்கம், வால் மறு வீட்டின் பக்கம். காற்றில் சயனைட் மேட்டின் தூசி வந்து படிந்தால், ஆயா ஈரத்துணியால் துடைத்துவிடுவார். நஞ்சு கலந்த மண்ணை அது நக்கி விழுங்கிவிடக் கூடாதே என்பது அவருடைய கவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஆயாவின் திண்ணையில் இளைஞன் அமர்ந்திருந்தான். பூனை அவன் மடியில் உறங்கிக்கொண்டிருந்தது. பேத்தி அருகில் அமர்ந்து தமிழ்ப்பாடம் படித்துக்கொண்டிருந்தாள். விலங்குகளின் இளமைப் பெயர்களைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுவது அன்றைய பாடம். வெருகு என்னும் காட்டுப்பூனையின் இளமைப் பெயர் குட்டி. எலியின் இளமைப் பெயரும் குட்டிதான் என்று படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எலி என்ற சொல்லைக் கேட்டதும் இளைஞன் நிமிர்ந்தான்.

"பெரியம்மா, கேட்க மறந்துவிட்டேன். உங்கள் வீட்டு எலித் தொல்லை தீர்ந்ததா?"

ஆயா அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்த முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கே தீர்கிறது? இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது, தம்பி" என்றார்.